நெட்டிலிங்கம் கையை இறக்கிய கதை

மரங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நெட்டிலிங்கம் இப்போது நிற்பதுபோல நிற்கவில்லை. கிளைகளை நான்கு பக்கமும் தாராளமாக நீட்டி, குடை விரித்தாற்போல் நின்றது. பூ சிவப்பு, தெருக்கோடியிலிருந்தே தெரியும். நிழலில் ஆடுமாடுகள் படுத்தன, மனிதர்கள் அவற்றைவிட அதிக நேரம் படுத்தார்கள். உயரம் சுமார்தான், யாரும் அண்ணாந்து பார்க்கவேண்டிய மரமில்லை. இப்போது சிலர் இதை அசோகம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அசோகம் வேறு. இரண்டும் ஒரே தெருவில் நிற்க நேர்ந்தாலும் ஒன்றையொன்று தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

அப்போது மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர் இருந்தது. ஊரைச் சுற்றிலும் தினைக்கொல்லை. தினை பால்பிடித்ததும் கிளிகள் வந்துவிடும். அவற்றை விரட்ட ஊர் நடுவில் நான்கு கம்பங்களை நட்டு, மேலே தட்டிபோட்டு, பரண் கட்டுவார்கள். கண்ணும் தொண்டையும் நன்றாக உள்ள ஒருவனை அதில் ஏற்றிவிடுவார்கள். அறுவடை முடிந்ததும் பரணைப் பிரித்து, அந்த விறகில்தான் புதுத்தினைப் பொங்கல் வைக்கவேண்டும். இது அந்த ஊர் வழக்கம். ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாத வழக்கத்தை மனிதர்கள் ஒரு நல்ல மழைக்கு விட்டுவிடுவார்கள்.

அந்த வருஷம் நல்ல மழை. பரண் விறகு ஊறிக் கிடந்தது. "வேற விறகுல பொங்கிக்கலாம். பரண் எங்க ஓடிப்போகுது?" என்றார் ஒருவர்.

பரண் எங்கும் ஓடவில்லை. அதுதான் சங்கடமாகப் போயிற்று.

அந்த வருஷத்துப் பரண்காரன் பெயர் நல்லாண்டி. அறுவடை முடிந்தது, கிளிகள் போய்விட்டன, நல்லாண்டி மட்டும் இறங்கவில்லை. பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏதாவது வேண்டும் அல்லவா? அந்த ஊரில் எந்த வீட்டுக்கும் வேலி கிடையாது. நல்லாண்டி வீடுகளைப் பார்க்க ஆரம்பித்தான். பார்த்ததைப் பழைய பழக்கப்படி உரக்கச் சொன்னான்.

"செல்லாயி வீட்ல இன்னைக்கும் பழைய சோறுதான்!"

"மாரப்பன் இன்னும் எழுந்திரிக்கலே! பொண்டாட்டி தண்ணி கொண்டுவர்றா, ஊத்தப்போறா!"

ஊர் சிரித்தது. அடுத்த வீட்டுச் செய்தி வரும்போது எல்லோரும் சிரித்தார்கள். சொந்த வீட்டுச் செய்தி வரும்போது மட்டும் இருமினார்கள். ஊர்த்தலைவருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. "தப்பு செய்யாதவனுக்கு என்னய்யா பயம்?" என்று கேட்பார். அவர் வீடு பரணுக்கு நேர் கீழே இருந்தது. நேர் கீழே இருப்பது பரணிலிருந்து தெரியாது.

ஊரின் கீழ்க்கோடியில் செம்பாயியின் வீடு. அவள் புருஷன் உப்பு வண்டிகளோடு போகிறவன். வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். ஒரே மகள் நாச்சி. பிறக்கும்போதே இடது பாதம் உள்பக்கமாக வளைந்திருந்தது. நான்கு வயதாகியும் நடக்கவில்லை. ஆனால் பிடிவாதக்காரி. முற்றத்து உரலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள், கையை விடுவாள், விழுவாள்.

"நாச்சி விழுந்தாச்சு!" என்று பரணிலிருந்து குரல் வரும்.

ஊர் சிரிக்கும். கெட்ட எண்ணத்தில் அல்ல. கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான் ரொம்ப தூரம் கேட்கும். ஒருநாள் நாச்சி உரலைப் பிடிக்கவில்லை. மறுநாளும் பிடிக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஊன்றாத கால் மெலிந்துகொண்டே போயிற்று. இப்படியே விட்டால் இனி எப்போதும் ஊன்றாது என்பது அவளைக் குளிப்பாட்டும் செம்பாயிக்குக் கையிலேயே தெரிந்தது.

அவள் பரணடிக்குப் போய் நின்றாள்.

"அண்ணே, எம் பொண்ணு விழுறதை மட்டும் சொல்லாதீங்க."

"நான் பொய்யா சொல்றேன் தங்கச்சி? விழுந்தாளா இல்லையா?"

"விழுந்தா."

"அப்புறம் என்ன?"

"அதை எதுக்கு ஊருக்குச் சொல்லணும்?"

"எழுந்து நின்னா அதையும் சொல்லுவேன். எழுந்திரிக்கச் சொல்லு."

முற்றத்தை மறைத்து நிற்க ஆள் கேட்டு, செம்பாயி ஊரைவிட்டு வெளியே நடந்தாள், மரங்களிடம்.

பனை அவளைக் கீழே குனிந்து பார்க்கக்கூட இல்லை. "நான் வளர்ந்து மறைக்கறதுக்குள்ள உம் பொண்ணு பேத்தி எடுத்துடுவா. அவசரம்னா வேற ஆளைப் பாரு" என்றது.

மூங்கில் உடனே சம்மதித்தது. "ஒரே மழையில பரண் உயரத்தைத் தொட்டுடுவேன். ஆனா காத்தடிச்சா என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது. உள்ள நடக்கறதை எல்லாம் ஊதிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

முருங்கை, "வளர்றது பெரிசில்லை. தினம் சாயங்காலம் கீரை பறிக்க ஊரே உன் வீட்டுக்கு வரும். பரவாயில்லையா?" என்றது.

கள்ளி மட்டும் கொஞ்சம் வருத்தத்தோடு பேசியது. "மறைக்கறதுல என்னை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனா பிள்ளை என் மேல விழுந்தா கண்ணு போயிடும். விழுற பிள்ளைக்கு நான் ஆகமாட்டேன்."

கடைசியில் குளக்கரையில் நின்ற நெட்டிலிங்கத்திடம் போனாள். அது மற்ற மரங்களைப்போலத் தன்னைப்பற்றிப் பேசவில்லை. "எதை மறைக்கணும்?" என்று கேட்டது.

"எம் பொண்ணு விழுறதை."

"திருட்டை மறைக்கச் சொல்லி வந்திருக்காங்க. கள்ளுப்பானையை மறைக்கச் சொல்லி வந்திருக்காங்க. இது புதுசா இருக்கே. எதுவரைக்கும் மறைக்கணும்?"

"அவளா வந்து போதும்னு சொல்றவரைக்கும்."

"சரி" என்றது நெட்டிலிங்கம்.

அதன் அடியில் வௌவால்கள் துப்பிய கொட்டைகள் முளைத்துக் கிடந்தன. செம்பாயி கன்றுகளைப் பிடிமண்ணோடு பெயர்த்துவந்து, பரண் இருந்த பக்கமாக, முற்றத்து ஓரத்தில் நெருக்கி வரிசையாக நட்டாள். அந்தக் காலத்தில் ஒரு மரம் வாக்குக் கொடுத்தால் அதன் வரிசையெல்லாம் கொடுத்த மாதிரி. ஒரே குரலில் பேசும்.

பார்வைக்கும் உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மரம் சிறிதாக இருக்கும்போதும், அதை ஒட்டி உள்பக்கமாக ஒரு கீற்று நிலம் பரணின் கண்ணுக்குத் தப்பிவிடும். மரம் வளர வளரக் கீற்று அகலும். மழை முடிந்தபோது கன்றுகள் இடுப்பளவு வந்திருந்தன. கீற்று ஒரு பாய் அகலம் இருந்தது. நாச்சி அதில் தவழ்ந்துபோய், ஒரு கன்றைப் பிடித்து எழுந்தாள், கையை விட்டாள், விழுந்தாள்.

விழுந்த இடத்திலேயே கிடந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். குரல் வரவில்லை. எங்கேயோ ஒரு கோழி கொக்கரித்தது. அவ்வளவுதான்.

நாச்சி எழுந்து இன்னொரு தடவை விழுந்தாள். இந்தத் தடவை வேண்டுமென்றே விழுந்தமாதிரி இருந்தது.

பரண்மேல் நல்லாண்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் திறந்து கிடக்க, ஒரு பாய் அகலம் மட்டும் தெரியாமல்போனால் அது கண்ணில் தூசி விழுந்ததுபோலத்தான். தலைவரிடம் சொல்லிப் பரணுக்கு இன்னொரு தட்டு ஏற்றச் செய்தான். கீற்று குறுகியது. நெட்டிலிங்கம் ஒரு முழம் வளர்ந்தது. அவன் அடுத்த தட்டு கேட்டான். அது அடுத்த முழம் போட்டது. சோற்றைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டான். தூக்கமும் அங்கேதான். ஏணியில் ஏறி இறங்கும் நேரத்தில் ஏதாவது தவறிவிடுமோ என்று பயம். அந்தத் தடவை தினை பால்பிடித்தபோது கிளிகள் கூட்டமாக வந்து, நிதானமாகப் பாதிக் கொல்லையைத் தின்றுவிட்டுப் போயின. பரண்காரன் நாச்சியின் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் மரமும் அவனும் கண்ணுக்குக் கண் வந்துவிட்டார்கள்.

"யாரைக் கேட்டு வளர்றே?" என்றான் நல்லாண்டி.

"உங்களை யாரைக் கேட்டு ஏத்தினாங்க?" என்றது நெட்டிலிங்கம்.

"ஊர் ஏத்துச்சு."

"கிளி விரட்டத்தானே?"

நல்லாண்டி வேறுபக்கம் பார்த்தான். ஆனால் அவன் சும்மா இருக்கிற ஆளா? கீழே இருந்தவர்களைத் தூண்டிவிட்டான். சிலர் இளைப்பாறுவதுபோல நெட்டிலிங்கத்தின் நிழலில் வந்து உட்கார்ந்து, இலைச் சந்து வழியாக உள்ளே எட்டிப்பார்த்தார்கள். நெட்டிலிங்கம் அகலத்தைச் சுருக்கிக்கொண்டு நிழலைத் தன்னோடு இழுத்துக்கொண்டது. "நிழல் வேணும்னா புளியமரத்துக்குப் போங்க, அது சும்மாதான் நிக்குது" என்றது.

பிறகு பெண்கள் வந்தார்கள், பூப் பறிக்க. பறிக்கிற கை ஒருபக்கம் இருக்க, கண் முற்றத்தில் இருந்தது. அந்தச் சிவப்பின்மேல் நெட்டிலிங்கத்துக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு. குளத்துத் தண்ணீரில் தன் பூவைத் தானே பார்த்துக்கொண்ட மரம் அது. இருந்தாலும் அடுத்த பூப்பில் சிவப்பை விட்டுவிட்டது. இலையோடு இலையாகப் பச்சையாகப் பூத்தது. பறிக்க வந்தவர்கள் தேடித்தேடி அலுத்துப்போய், "இந்த வருஷம் பூக்கலையாட்டம் இருக்கு" என்று திரும்பினார்கள். வௌவால் மட்டும் எப்படியோ பழத்தைக் கண்டுபிடித்தது. அது யாரிடமும் எதையும் சொல்கிற பிராணி இல்லையாதலால் நெட்டிலிங்கம் அதை ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் மேலே மேலே போகிற எதற்கும் அடி வெறுமையாகிவிடும். பரணோடு போட்டிபோட்டு வளர்ந்ததில் கிளைகளெல்லாம் உயரத்துக்குப் போய்விட்டன. கீழே வெறும் தண்டுகள், தண்டுகளுக்கு நடுவே இடைவெளி. அது நெட்டிலிங்கத்துக்கே தெரியவில்லை, நல்லாண்டியின் கண்ணிலேயே கண்ணாக இருந்துவிட்டது.

அன்று நாச்சி முதல்முறையாக ஒன்றையும் பிடிக்காமல் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். வலது காலை எடுத்துவைத்தாள். இடது காலைத் தூக்கும்போது தண்டுகளுக்கு நடுவே தலைகள் தெரிந்தன. ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, பிறகு வரிசையாக. யாரும் இன்னும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தார்கள். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. அதைக் கீழே வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நெட்டிலிங்கம் கீழே பார்த்தது.

மரத்துக்குக் கை என்பது வெயிலிடம் நீட்டுவதற்கு. நீட்டின கைக்கு ஏற்பத்தான் சாப்பாடு. கையை இறக்கிய மரம் அந்த நாள்வரை உலகத்தில் கிடையாது. நெட்டிலிங்கம் இறக்கியது. உச்சியிலிருந்து அடிவரை, வரிசை முழுக்க, எல்லாக் கைகளையும் ஒரே மூச்சில் கீழே விட்டது. முறிகிறமாதிரி ஒரு சத்தம். வேதனையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததில் இலைகளின் ஓரமெல்லாம் நெளிந்துபோயின. எட்டிப்பார்த்த முகங்களில் பச்சை இலை சப்சப்பென்று அறைந்து மூடியது.

உள்ளே நாச்சி சாய்ந்தாள். சாய்ந்தவளின் கைக்கு ஒரு கிளை அகப்பட்டது. அதைப் பிடித்து நின்றாள். பக்கத்துக் கிளையை எட்டிப் பிடித்தாள், ஓரடி. அடுத்த கிளை, இன்னோரடி. வரிசையின் கோடிவரை கைமாற்றிக் கைமாற்றி நடந்தாள். அங்கேயிருந்து திரும்பியும் நடந்தாள். செம்பாயி முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புடைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த அறுவடையின்போது தலைவரே கோடாலிக்காரன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் ஊர்.

"செம்பாயி, மறைக்கறேன்னா மறைக்க ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

"இருக்குங்கய்யா. எல்லார் வீட்லயும் இருக்கு. உங்க வீடு பரணுக்கு அடியில இருக்கறதால உங்களுக்கு மறந்துபோச்சு."

பின்னால் யாரோ இருமினார்கள்.

"மரமே, கையைத் தூக்கு" என்றார் தலைவர்.

"மாட்டேன்" என்றது நெட்டிலிங்கம்.

"வெட்டிப்போடுவேன்."

"வெட்டுங்க. எந்தப் பக்கம் விழறதுன்னு மட்டும் நான் பார்த்துக்கறேன்."

எல்லோரும் ஒருமுறை அண்ணாந்து மரத்தின் உயரத்தைப் பார்த்தார்கள். பிறகு மரத்துக்கும் பரணுக்கும் நடுவே இருந்த தரையைப் பார்த்தார்கள். பிறகு நல்லாண்டியைப் பார்த்தார்கள். நல்லாண்டியும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஐயா! வெட்டாதீங்க! அது நல்ல மரம்!" என்று பரணிலிருந்து கத்தினான். அத்தனை காலத்தில் அங்கிருந்து வந்த முதல் நல்ல செய்தி அதுதான்.

அப்போது கிளைகளை விலக்கிக்கொண்டு நாச்சி வெளியே வந்தாள். யாரையும் பிடிக்காமல், இடது காலை அரைவட்டமாகச் சுழற்றிச் சுழற்றி வைத்து நடந்தாள். அவளுக்கு நடை என்பது அதுதான், அந்தக் கால் அதற்குமேல் நேராகாது. கூட்டத்துக்கு நடுவே வந்தவள் ஒரு கல் தடுக்கி, எல்லோர் எதிரிலும் விழுந்தாள்.

பழக்கம் யாரை விட்டது? மேலேயிருந்து, "நாச்சி விழுந்..." என்று குரல் கிளம்பி, பாதியில் நின்றது.

நாச்சி விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஆமா மாமா, விழுந்துட்டேன். முழுசாச் சொல்லுங்க. இப்ப எழுந்திரிக்கப்போறேன். எழுந்தா அதையும் சொல்லுவேன்னு எங்கம்மாகிட்ட சொன்னீங்களாமே?"

கையை ஊன்றினாள், எழுந்தாள், பாவாடையைத் தட்டிவிட்டாள்.

"எழுந்துட்டேன். சொல்லுங்க."

"...எழுந்தாச்சு" என்றான் நல்லாண்டி.

"கேக்கலே மாமா!"

"நாச்சி எழுந்தாச்சு!"

தலைவருக்குக் கோபம் தலைக்கேறியது. "டேய் நல்லாண்டி, கீழே இறங்கு. நீ இறங்கினா மரம் எந்தப் பக்கம் விழுந்தா என்ன?"

நல்லாண்டி ஏணியில் இறங்கினான். மரத்தோடு போட்டிபோட ஆரம்பித்தபிறகு அவன் பாதம் மண்ணில் படவே இல்லை. கடைசிப் படியைவிட்டுத் தரையில் வைத்த கால்களுக்கு நடை மறந்துபோயிருந்தது. இரண்டும் ஒன்றாக மடங்கின. ஊர் நடுவில், தன் பரணடியில், நல்லாண்டி குப்புற விழுந்தான்.

"நல்லாண்டி விழுந்தாச்சு!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். ஊர் சிரித்தது. அவனே பழக்கிவிட்ட சிரிப்பு. எழ முயன்றான், மறுபடி விழுந்தான், மறுபடி சிரித்தார்கள். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

நாச்சி அரைவட்டம் போட்டுக்கொண்டே அவனிடம் போனாள்.

"இங்க வேணாம் மாமா. உள்ள வந்து விழுங்க."

அவன் தவழ்ந்து போனான். நாச்சி பச்சைத் திரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். அவன் உள்ளே போனதும் விட்டாள். அது மூடிக்கொண்டது. அதற்குமேல் அங்கே என்ன நடந்தது என்று இந்தக் கதைக்கும் தெரியாது.

"இப்ப வெட்டு" என்றார் தலைவர்.

கோடாலிக்காரன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, செம்பாயியிடம், "அக்கா, எனக்கு ஒரு வரிசைக்குக் கன்னு கிடைக்குமா?" என்றான்.

"உனக்கு எதுக்குடா?" என்றார் தலைவர்.

"எதுக்கா இருந்தா உங்களுக்கென்ன?"

அந்த ஊரில் யாரும் யாரிடமும் அதுவரை கேட்காத கேள்வி அது. கேட்டதும் அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அன்றே பரணைப் பிரித்தார்கள். ஏற்றின தட்டுகள் ஏராளம், எல்லா வீட்டுப் பொங்கலுக்கும் விறகு கண்டது. பரண் போனதும் தலைவர் வீடு நான்கு பக்கமும் பளிச்சென்று தெரிந்தது. பொங்கலுக்கு மறுநாள் செம்பாயியிடம் கன்று கேட்டு வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றவர்களில் அவரும் ஒருவர்.

எல்லாம் அடங்கியபின் நெட்டிலிங்கம் நாச்சியைக் கூப்பிட்டது.

"கைவலிக்குது பிள்ளே. போதுமா?"

நாச்சி ஒரு கிளையை விலக்கி உள்ளே பார்த்தாள். நல்லாண்டி மாமா உரலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கையை விட்டுவிட்டு, ஆடிக்கொண்டிருந்தார்.

"இன்னும் இல்லை" என்றாள்.

பிறகு அவள் வளர்ந்தாள், ஊரெல்லாம் அரைவட்டம் போட்டு நடந்தாள், தன் வீட்டையும் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் சொல்லவேயில்லை. மறந்துவிட்டாள் என்பார்கள் சிலர். நாச்சியைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அன்று இறக்கிய கையை நெட்டிலிங்கம் இன்றுவரை தூக்காமல் மதிலோரம் வரிசையாக நிற்பதும், நிழல் கேட்டால் தராததும், பூத்தாலும் காட்டிக்கொள்ளாததும், உள்ளே யார், என்ன செய்கிறார்கள் என்று யார் வந்து கேட்டாலும் பதிலே சொல்லாததும் அதனால்தான்.